நேத்து ஓடின பாட்டு இன்னைக்கு ஏன் திணறுது?

வீட்டுல ஒரு ரூமை ஒதுக்கி டிராக் பண்றவங்க, சின்னதா ஒரு ஸ்டுடியோ வெச்சு நடத்துறவங்க, குறும்படத்துக்கு ரீரெக்கார்டிங் பண்றவங்க, உங்க எல்லாருக்கும் பழக்கமான ஒரு தொல்லையைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறேன். கியூபேஸோ, எஃப்எல் ஸ்டுடியோவோ, ஏபிள்டன் லைவோ, லாஜிக்கோ, ரீப்பரோ, எதுவா வேணா இருக்கட்டும். புது வெர்ஷன் வந்துச்சு, ஆசையா போட்டாச்சு. நேத்து வரைக்கும் சுத்தமா ஓடின பாட்டு இன்னைக்குப் பல்லவியிலயே கரகரங்குது. சத்தம் அறுந்து அறுந்து வருது. இல்லன்னா பாட்டைத் திறக்கும்போதே சாஃப்ட்வேர் தானா மூடிக்குது. பாடறவங்க காலையில பத்து மணிக்கு வர்றதா சொல்லியிருக்காங்க.

இந்த இடத்துல நிறையப் பேர் செய்யறது, சாஃப்ட்வேரை எடுத்துட்டு மறுபடி போடறது. அதுலயும் சரியாகலன்னா விண்டோஸையே ஃபார்மட் பண்ணிடறது. தயவுசெஞ்சு ஃபார்மட்டைக் கடைசிக்கு வெச்சுக்குங்க. ஒருவேளை சரியானாலும் கோளாறு எங்கே இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியப் போறதில்ல. அத்தனை பிளகினையும் லைசென்ஸ் தேடித் தேடி மறுபடி ஏத்தும்போது அந்தக் கோளாறும் கூடவே ஏறி வந்து உட்கார்ந்துக்கும்.

அப்டேட் போட்டா சாஃப்ட்வேர் மட்டும் மாறுதுன்னு நினைக்கறோம். அதோட சேர்ந்து, சொல்லாம கொள்ளாம இன்னும் பல விஷயம் மாறியிருக்கும். எந்த ஆடியோ டிரைவர் வழியா சத்தம் போகுது, பஃபர் எவ்வளவு, பிளகின் எந்த வடிவத்துல ஏறுது, எந்த ஃபோல்டர்ல தேடுது, இப்படி. சில பேர் அதே நாள்ல விண்டோஸ் அப்டேட்டையோ மேக் அப்டேட்டையோ சேர்த்தே முடிச்சிருப்பாங்க. அப்போ நம்ம வேலை, மாறினதுல எது இடிக்குதுன்னு கண்டுபிடிக்கறது. அதுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வேணும்: ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ஓட்டிப் பாருங்க, பலன் இல்லன்னா பழையபடி வெச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க. பக்கத்துல ஒரு பேப்பரும் பேனாவும் இருக்கட்டும். அஞ்சு விஷயத்தை ஒண்ணா மாத்தினா, சரியானாலும் குழப்பம், சரியாகலன்னாலும் குழப்பம்.

தொடங்கறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. பழைய பாட்டைப் புது வெர்ஷன்ல திறந்துட்டு, கைப் பழக்கத்துல கன்ட்ரோல் எஸ் அடிச்சிடாதீங்க. லைவ் 11-ல சேவ் பண்ணின செட்டை லைவ் 10 திறக்காது. லாஜிக், எஃப்எல் ஸ்டுடியோவிலயும் புதுசுல சேவ் ஆனதைப் பழசு திறக்கும்னு நம்பி இருக்காதீங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டரை, உள்ள இருக்கற ஆடியோ ஃபைல்களோட, வேற டிரைவுக்கு முழுசா காப்பி எடுங்க. சோதனை எல்லாம் அந்தக் காப்பியில மட்டும். திரும்பிப் போற வழி திறந்து இருந்தாத்தான் நிதானமா யோசிக்க முடியும்.

சரி, இப்போ கோளாறைப் பிரிப்போம். சத்தம் தடுமாறுறது வேற, சாஃப்ட்வேர் மூடிக்கறது வேற. ரெண்டும் ஒரே நாள்ல ஆரம்பிச்சதால ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான்னு தோணும். பெரும்பாலும் அப்படி இருக்காது. பஃபரைக் கூட்டிக் கூட்டி வெச்சாலும் கிராஷ் நிக்காது. பிளகின் எல்லாத்தையும் தூக்கினாலும் டிரைவர் கோளாறு போகாது.

சத்தம் தடுமாறுறதை முதல்ல எடுத்துக்குவோம். ஒரு எளிய சோதனை, பலபேர் செய்யாம விடறது: பாட்டை ஒரு வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணுங்க. ரியல் டைம்ல வேணாம், ஆஃப்லைன் ரெண்டர். அந்த ஃபைலைச் சாதாரண பிளேயர்ல கேளுங்க. ஃபைல்ல சத்தம் சுத்தமா இருந்தா, கணக்குப் போடறதுல தப்பு இல்ல, நேரத்துக்குள்ள போட்டு முடிக்கறதுலதான் தகராறு. பஃபர், டிரைவர், கம்ப்யூட்டரோட வேகம், அந்தப் பக்கம் போகணும். ஃபைல்லயும் அதே இடத்துல அதே கரகரப்பு இருந்தா, பஃபரைத் தொடவே தேவையில்ல. ஏதோ ஒரு பிளகின் தப்பா வேலை செய்யுது, இல்லன்னா சேம்பிள் ஃபைல் காணாம போயிருக்கு. இதுல ஒரு வேடிக்கை உண்டு. அப்டேட் பண்ணும்போது சில பிளகின்கள் லைசென்ஸை இழந்து டெமோ நிலைக்குப் போயிடும். டெமோ பிளகின் பல பேர் கண்ணுல படாம, குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை சத்தத்தை ஒரு நொடி அமுக்கும், இல்ல இரைச்சல் விடும். நீங்க ராத்திரி முழுக்க டிரைவரைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க, அது லைசென்ஸ் கேட்டுக்கிட்டு இருக்கும்.

ஃபைல் சுத்தமா இருக்குன்னே வெச்சுக்குவோம். அப்போ பஃபர்னா என்னன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கணும். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டா அனுப்பறதில்ல, கட்டுக் கட்டா அனுப்புது. சேம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ், பஃபர் 128 சேம்பிள்னா, ஒரு கட்டு ஓடற நேரம் ஏறக்குறைய 2.9 மில்லிசெகண்ட். அதுக்குள்ள அடுத்த கட்டைத் தயார் பண்ணிக் கொடுக்கணும். 512 வெச்சா 11.6 மில்லிசெகண்ட் அவகாசம். கல்யாணப் பந்தியை நினைச்சுப் பாருங்க. இலையில சோறு தீர்றதுக்குள்ள அடுத்த கரண்டி விழணும். பெரிய கரண்டியா இருந்தா பரிமாறுறவர் கொஞ்சம் தாமதிச்சாலும் தெரியாது. சின்னக் கரண்டின்னா ஓட்டமா ஓடணும், நடுவுல யாராவது கையைப் பிடிச்சு ஒரு நொடி நிறுத்தினா போச்சு, இலை காலி. அந்தக் காலி இலைதான் உங்களுக்கு 'டிக்'குன்னு கேக்கற சத்தம். கரண்டி பெருசானா இன்னொரு கஷ்டம்: நீங்க கீபோர்டுல கட்டையை அழுத்தறதுக்கும் சத்தம் வர்றதுக்கும் இடைவெளி கூடும். அதனாலதான் ரெக்கார்டிங் பண்ணும்போது 128 இல்லன்னா அதுக்குக் கீழ, மிக்ஸிங்ல 512, 1024-னு மேல போகலாம்னு சொல்றது.

இது புரிஞ்சா அடுத்த சந்தேகமும் தீரும். "டாஸ்க் மேனேஜர்ல சி.பி.யு. முப்பது சதவீதம்தான் காட்டுது, அப்புறம் ஏன் கரகரக்குது"ன்னு கேக்கறீங்க இல்லையா? டாஸ்க் மேனேஜர் எல்லா கோரையும் சேர்த்துச் சராசரி காட்டுது. ஒரு டிராக்ல எட்டு பிளகின் வரிசையா இருந்தா, ஒண்ணு முடிச்சுக் கொடுத்தாத்தான் அடுத்தது ஆரம்பிக்க முடியும். அந்த வரிசையைப் பதினாறு கோருக்குப் பங்கு போட்டுக் கொடுக்க வழி இல்ல. மாஸ்டர்ல லீனியர் ஃபேஸ் ஈக்யூ, மல்டிபேண்ட் கம்ப்ரசர், ஓவர்சாம்ப்ளிங் போட்ட லிமிட்டர்னு அடுக்கினா அந்த ஒரு கோர் மட்டும் மூச்சு வாங்கும், மத்தது சும்மா இருக்கும். சாஃப்ட்வேருக்குள்ளயே இருக்கற ஆடியோ மீட்டரைப் பாருங்க, அதுதான் நமக்கு வேண்டிய கணக்கு. டாஸ்க் மேனேஜரை மூடி வெச்சிடுங்க.

இப்போ அப்டேட்டுக்கு அப்புறம் முதல்ல பார்க்க வேண்டிய இடம். ஆடியோ செட்டிங்ஸைத் திறந்து, எந்த டிரைவர் தேர்வாகி இருக்குன்னு பாருங்க. விண்டோஸ்ல உங்க இன்டர்ஃபேஸ் கம்பெனி கொடுத்த ஏசியோ டிரைவர் இருக்கணும். ஏசியோங்கறது ஸ்டெயின்பெர்க் 1997-ல கொண்டு வந்த முறை, விண்டோஸோட வழக்கமான சத்தப் பாதையைத் தாண்டி நேரா கார்டுகிட்ட பேசறதுக்காக. புது வெர்ஷன் பல நேரம் செட்டிங்ஸைப் புதுசா எழுதிடும். பொதுவான ஏசியோ டிரைவரையோ, கம்ப்யூட்டர்லயே இருக்கற சவுண்டு கார்டையோ பிடிச்சுக்கிட்டு இருக்கும். நீங்க, ஏதோ சத்தம் வருதே, சரியாத்தான் இருக்கும்னு விட்டிருப்பீங்க. டிரைவரை மாத்தினாலே பாதிப் பேர் கேள்வி முடிஞ்சிடும்னு நான் நினைக்கறேன்.

கூடவே சேம்பிள் ரேட்டைப் பாருங்க. 44.1-ல பண்ணின பாட்டை இன்டர்ஃபேஸ் 48-ல ஓட்டினா, சாஃப்ட்வேர் கவனிக்காம விட்டுச்சுன்னா, வேகமும் கூடும், சுருதியும் ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் ஏறும். பாடறவங்க முதல்ல அதைக் கண்டுபிடிச்சிடுவாங்க. டிஜிட்டல் கேபிள்ல ரெண்டு கருவியை இணைச்சிருந்தா, க்ளாக் எதுகிட்ட இருந்து வருதுங்கறதும் முக்கியம். இங்க காதை நம்புங்க: சீரான இடைவெளியில 'டிக், டிக்'னு வந்தா க்ளாக் தகராறா இருக்க வாய்ப்பு அதிகம். பாட்டு கனமாகற இடத்துல மட்டும் வந்தா சுமை. பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாம எப்பவோ ஒரு தடவை வந்தா, வெளியில இருந்து யாரோ கையைப் பிடிச்சு நிறுத்தறாங்க.

புளூடூத் ஹெட்செட்டைப் பத்தி ஒரே வார்த்தை: கழட்டிடுங்க. அதோட மைக் ஆன் ஆனா ஒலித்தரம் டெலிபோன் அளவுக்கு இறங்கும், தாமதமும் கூடும். அதை வெச்சுக்கிட்டு எந்தச் சோதனையும் செல்லாது.

இன்டர்ஃபேஸோட டிரைவரைக் கம்பெனியோட தளத்துல இருந்து நேரா எடுத்துப் போடுங்க. இப்போ ஓடற விண்டோஸுக்கோ மேக்கோஸுக்கோ அந்த டிரைவர் சரிபார்க்கப்பட்டதான்னு அங்கேயே எழுதியிருப்பாங்க. பழைய டிரைவரை முதல்ல நீக்கிட்டு, கேபிளைக் கழட்டி, ரீஸ்டார்ட் பண்ணி, புதுசைப் போட்டு, அது கேக்கும்போது கேபிளை மாட்டறது நல்ல முறை. கேபிள் நேரா கம்ப்யூட்டருக்குப் போகணும். ஹார்ட் டிஸ்க், கீபோர்டு, ஐலாக் எல்லாம் தொங்கற ஹப்புல இன்டர்ஃபேஸைச் செருகி வெச்சுட்டு சாஃப்ட்வேரைக் குறை சொல்றதுல அர்த்தம் இல்ல.

இப்போ அந்த 'வெளியில இருந்து நிறுத்தறவங்க' யாருன்னு பார்க்கலாம். விண்டோஸ்ல லேட்டன்சிமான்னு ஒரு கருவி இருக்கு. வீட்டு உபயோகத்துக்கு இலவசம். அதை ஓடவிட்டு, பாட்டையும் பத்து நிமிஷம் ஓட்டுங்க. எந்த டிரைவர் சி.பி.யு.வை எவ்வளவு நேரம் விடாம பிடிச்சு வெச்சிருந்துச்சுன்னு மைக்ரோசெகண்ட் கணக்குல காட்டும். டிரைவர்ஸ் பக்கத்துல அதிகமா எடுத்தது எதுன்னு வரிசைப்படுத்திப் பாருங்க. அடிக்கடி மாட்டறது நெட்வொர்க் டிரைவர், கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர், லேப்டாப்ல பேட்டரியைக் கவனிக்கற பகுதி, இந்த மூணும்தான். வைஃபையை டிவைஸ் மேனேஜர்ல தற்காலிகமா டிசேபிள் பண்ணிட்டு மறுபடி ஓட்டுங்க. கரகரப்பு நின்னுட்டா விஷயம் தெரிஞ்சு போச்சு: வைஃபை டிரைவரைப் புதுப்பிக்கலாம், இல்லன்னா ரெக்கார்டிங் நேரத்துல அணைச்சு வெக்கலாம். என்னைக் கேட்டா, ரெக்கார்டிங் நடக்கற மெஷினுக்கு அந்த ஒரு மணி நேரம் இன்டர்நெட் எதுக்கு?

பவர் செட்டிங்கும் இதே சேர்த்திதான். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்கு அப்புறம் பவர் பிளான் பேலன்ஸ்டுக்குத் திரும்பி இருக்கலாம். ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாத்துங்க. யு.எஸ்.பி. செலெக்டிவ் சஸ்பெண்டை அணைங்க, அது இருந்தா விண்டோஸ் மின்சாரம் மிச்சம் பிடிக்கறேன்னு யு.எஸ்.பி. போர்ட்டைத் தூங்க வெக்கும். லேப்டாப்னா சார்ஜர்ல போட்டுத்தான் வேலை செய்யணும். கரண்ட் போய் பேட்டரியில ஓடத் தொடங்கின நொடியில இருந்து சத்தம் தடுமாறினா அதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, ப்ராசஸர் வேகத்தைக் குறைச்சுக்குது. சித்திரை வெயில்ல, மைக்குக்கு இரைச்சல் ஏறும்னு ஃபேனையும் ஏ.சி.யையும் அணைச்சுட்டு ரெக்கார்ட் பண்ற ரூம்லயும் இதே கதி. சூடு ஏறினா ப்ராசஸர் தானா மெதுவாகும். முதல் டேக் சுத்தமா இருந்து, அரை மணி நேரம் கழிச்சு மட்டும் கரகரத்தா, லேப்டாப்புக்கு அடியில கை வெச்சுப் பாருங்க.

சில சமயம் நீங்க என்ன செஞ்சாலும் சரியாகாது, ஏன்னா தப்பு உங்ககிட்டயே இல்ல. 2018-ல வந்த மேக்புக் ப்ரோ, மேக்புக் ஏர், மேக் மினி மாடல்கள்ல யு.எஸ்.பி. இன்டர்ஃபேஸ் மாட்டினா நடுநடுவே சத்தம் அறுந்துச்சு. பஃபரை ஏத்தி, கேபிளை மாத்தி, இன்டர்ஃபேஸையே மாத்தினவங்க உண்டு. 2019 மார்ச்ல ஆப்பிள் விட்ட மேக்கோஸ் 10.14.4-லதான் அந்த மாடல்கள்ல யு.எஸ்.பி. ஆடியோவைச் சீராக்கினதா சொன்னாங்க. அதே மாதிரி 2021-ல ஏ.எம்.டி. 500 வரிசை மதர்போர்டுகள்ல யு.எஸ்.பி. கருவிகள் விட்டு விட்டுத் துண்டிக்கப்பட்டது. கம்பெனியே ஒப்புக்கிட்டு, பயாஸ் அப்டேட் மூலமா சரிபண்ணுச்சு. அதனால சாஃப்ட்வேரை மாத்தின நாள்ல கோளாறு வந்தாலும், பயாஸ் எவ்வளவு பழசுன்னு ஒரு பார்வை பார்த்து வைங்க.

ப்ராஜெக்டுக்கு உள்ள பார்த்தா, சுமையைக் குறைக்கற வழி உங்களுக்கே தெரியும்: கனமான இன்ஸ்ட்ருமென்டை ஃப்ரீஸ் பண்ணுங்க, ரிவெர்ப்பை டிராக்குக்கு டிராக் போடாம ஒரு சென்டுல வைங்க. பலருக்குத் தெரியாத ஒண்ணைச் சொல்றேன். கியூபேஸ்ல ஏசியோ கார்டுன்னு ஒண்ணு இருக்கு, ரீப்பர்ல ஆன்டிசிப்பேட்டிவ் எஃபெக்ட்ஸ். ஏற்கெனவே பதிவான டிராக்கை முன்கூட்டியே கணக்குப் போட்டு வெச்சுக்கற ஏற்பாடு. ஆனா ஒரு டிராக்ல ரெக்கார்ட் பட்டனையோ மானிட்டர் பட்டனையோ போட்ட உடனே அது இந்தப் பாதுகாப்புக்கு வெளியே வந்துடும், ஏன்னா அடுத்து நீங்க என்ன வாசிப்பீங்கன்னு அதுக்கு முன்கூட்டித் தெரியாது. அதனாலதான் சும்மா ஓட்டும்போது நல்லா இருக்கற பாட்டு, கனமான சிந்த் இருக்கற டிராக்கை ஆர்ம் பண்ணின உடனே திணறுது. அப்டேட்ல இந்த ஏற்பாடு அணைஞ்சு போயிருக்கான்னு செட்டிங்ஸ்ல பாருங்க. தேவையில்லாம ஆர்ம் ஆகி இருக்கற டிராக்கை எல்லாம் அணைங்க.

சேம்பிள் லைப்ரரி பழைய சுழல் ஹார்ட் டிஸ்க்ல இருந்தா எஸ்.எஸ்.டி.க்கு மாத்துங்க. ப்ராஜெக்ட் ஃபோல்டர் ஒன்டிரைவுக்கோ ஐகிளவுடுக்கோ உள்ள இருந்தா வெளியே எடுங்க. நீங்க ரெக்கார்ட் பண்ணப் பண்ண அது அப்லோட் பண்ணப் பார்க்கும்.

இப்போ கிராஷ். இதுல உணர்ச்சிவசப்படறவங்கதான் அதிகம், ஏன்னா சேவ் பண்ணாத வேலை போயிடுது. ஆனா உண்மையில கரகரப்பைவிட கிராஷைக் கண்டுபிடிக்கறது சுலபம், ஏன்னா கிராஷ் தடயம் விட்டுட்டுப் போகும். முதல்ல, காலி ப்ராஜெக்ட் ஒண்ணு திறந்து, ஒரு ஆடியோ ஃபைலைப் போட்டு ஓட்டுங்க. அது ஓடுதா? அப்போ சாஃப்ட்வேர் நல்லாத்தான் இருக்கு, கோளாறு அந்தப் பாட்டுக்குள்ள. காலி ப்ராஜெக்டே திறக்காம மூடிக்குதுன்னா, பிளகின் ஸ்கேன் பண்ற நேரத்துலயோ செட்டிங்ஸ் படிக்கற நேரத்துலயோ விழுது. திறக்கும்போது வர்ற முகப்புப் படத்துல கடைசியா எந்தப் பிளகின் பேர் ஓடுச்சுன்னு கவனிங்க. ஃபோன்ல ஒரு வீடியோ எடுத்துட்டீங்கன்னா நிதானமா நிறுத்திப் படிக்கலாம்.

தடயத்தைத் தேடற இடம் இது. விண்டோஸ்ல ஸ்டார்ட்டுல ரிலையபிலிட்டின்னு அடிச்சா, நாள்வாரியா எது எப்போ விழுந்துச்சுன்னு பட்டியல் வரும். அதுல ஒண்ணைத் திறந்தா ஃபால்ட் மாட்யூல்னு ஒரு வரி இருக்கும். மேக்ல கன்சோல் ஆப்ல கிராஷ் ரிப்போர்ட்ஸ். அங்க கிராஷ்டு த்ரெட்னு இருக்கற பகுதியை மட்டும் மேலோட்டமா படிங்க. பத்துல ஏதாவது ஒரு வரியில உங்களுக்குத் தெரிஞ்ச பிளகின் பேர் தென்பட்டா, குற்றவாளி கிட்டத்தட்ட கிடைச்சாச்சு. விண்டோஸோட சொந்த ஃபைல் பேர் மட்டும் வந்தா உடனே விண்டோஸைத் திட்டாதீங்க. விழுந்த இடம் அது, தள்ளிவிட்டது வேற யாராவதா இருக்கலாம். மூணு நாலு ரிப்போர்ட்டைச் சேர்த்துப் பார்த்து, எல்லாத்துலயும் பொதுவா வர்ற பேரைத் தேடுங்க.

பேரே கிடைக்கலன்னா பாதிப்பாதியா பிரிக்கற வழி இருக்கு. பிளகின் ஃபோல்டர்ல பாதியை வேற இடத்துக்கு நகர்த்துங்க. அழிக்காதீங்க, நகர்த்துங்க. திறந்து பாருங்க. விழலன்னா, நகர்த்தின பாதிக்குள்ள கோளாறு. விழுந்தா, இங்க இருக்கற பாதியில. மறுபடி பாதி. 64 பிளகின் இருந்தாலும் ஆறே தடவையில ஒண்ணுக்கு வந்துடலாம். பொறுமை இல்லாதவங்க ஒவ்வொண்ணா கழட்டி ராத்திரியை முடிப்பாங்க. பாட்டையே திறக்க முடியலன்னா, ரீப்பர்ல எஃபெக்ட் எல்லாத்தையும் ஆஃப்லைன்ல வெச்சுத் திறக்கற வசதி இருக்கு. லாஜிக்ல ப்ராஜெக்டைத் திறக்கும்போது கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடிச்சா கோர் ஆடியோ இல்லாம திறக்கவான்னு கேக்கும். கியூபேஸைத் தொடங்கும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் மூணையும் பிடிச்சா பழைய செட்டிங்ஸை ஒதுக்கிட்டுத் திறக்க வழி கொடுக்கும். அதுல டிலீட்டை அவசரப்பட்டு அமுக்காதீங்க. நீங்க வருஷக்கணக்கா அமைச்ச ஷார்ட்கட் எல்லாம் அங்கதான் இருக்கு. முதல்ல தற்காலிகமா ஒதுக்கிப் பாருங்க.

பிளகின் ஏன் திடீர்னு ஒத்துக்காம போகுதுன்னா, பெரும்பாலும் வடிவம் மாறினதாலதான். 32 பிட் பிளகின் காலம் முடிஞ்சு போச்சு. 2016 கடைசியில வந்த கியூபேஸ் 9, 2018-ல வந்த லைவ் 10, ரெண்டும் 64 பிட் மட்டும்தான். 2019-ல மேக்கோஸ் கேட்டலினா 32 பிட் எதையும் ஓடவிடறதையே நிறுத்திடுச்சு. அடுத்து வி.எஸ்.டி. 2-ங்கற பிளகின் வடிவம். அதை உருவாக்கின ஸ்டெயின்பெர்க்கே 2018-ல புது உரிமம் கொடுக்கறதை நிறுத்தி, 2022-ல தன்னோட சாஃப்ட்வேர்கள்ல இருந்தும் படிப்படியா எடுக்கப் போறதா அறிவிச்சுடுச்சு. கியூபேஸ் 12 ஆப்பிள் சிலிக்கான் மேக்ல நேரடியா ஓடும்போது வி.எஸ்.டி. 2 பிளகினை ஏத்தவே செய்யாது. ரொசெட்டா வழியா திறந்தாத்தான் வரும். "என் பிளகின் எல்லாம் காணோம்"னு பதறினவங்கள்ல பலருக்கு நடந்தது இதுதான். பிளகின் எங்கேயும் போகல, அதோட வி.எஸ்.டி. 3 வடிவத்தைப் போடணும், அவ்வளவுதான். ஆனா பழைய பாட்டுக்குள்ள இருக்கற வி.எஸ்.டி. 2 செட்டிங் புது வடிவத்துக்கு அப்படியே போகும்னு உத்தரவாதம் இல்ல. பழைய வெர்ஷன்ல திறந்து, பிரீசெட்டைத் தனியா சேவ் பண்ணி, கூடவே அந்த டிராக்கை ஆடியோவா பவுன்ஸ் பண்ணி வெச்சுக்குங்க.

சிஸ்டம் அப்டேட்டே பிளகினைக் கவிழ்க்கறதும் உண்டு. 2024 மார்ச்ல மேக்கோஸ் 14.4 வந்தப்போ, காப்பி பாதுகாப்பு போட்ட ஆடியோ யூனிட் பிளகின்கள் திறக்காம, சரிபார்ப்புலயும் தோத்துச்சு. காசு கொடுத்து ஒழுங்கா வாங்கினவங்கதான் மாட்டிக்கிட்டாங்க. அதே மாசக் கடைசியில 14.4.1 வந்து சரி பண்ணுச்சு. மூணு வாரம் கூட ஆகல. அந்த மூணு வாரம் பொறுத்தவங்களுக்கு அப்படி ஒரு கோளாறு இருந்ததே தெரியாது. அதனால சொல்றேன், புது வெர்ஷன் வந்த அன்னைக்கே போடணும்னு எந்தச் சட்டமும் இல்ல. பாட்டு முடிச்சுக் கொடுத்து, பணம் வாங்கின அப்புறம் போடுங்க.

கிராக் பண்ணின பிளகினைப் பத்தியும் பேசித்தான் ஆகணும், நம்ம பக்கம் அது இல்லாத கம்ப்யூட்டர் குறைவு. உபதேசம் பண்ண வரல. அதுல பாதுகாப்பு உடைக்கப்பட்ட இடம் பழைய சிஸ்டத்துக்கு ஏத்த மாதிரி உடைக்கப்பட்டது, புது வெர்ஷன்ல அது எப்படி நடந்துக்கும்னு அதை உடைச்சவருக்கே தெரியாது. கிராஷ் வந்தா உதவி கேக்கவும் ஆள் இல்ல. தேடும்போது முதல்ல அதை வெளியே எடுத்து வெச்சுட்டு ஆரம்பிங்க, நேரம் மிச்சம்.

ஒரு பிளகின் மட்டும்தான் கோளாறு, அது இல்லாம பாட்டு இல்லன்னா, தனி அறையில வெச்சு ஓட்டலாம். ரீப்பர்ல பிளகினைத் தனி ப்ராசஸா ஓட்டலாம், எஃப்எல் ஸ்டுடியோவுல பிளகினை பிரிட்ஜ் பண்ணலாம், பிட்விக்ல அந்த வசதி உள்ளேயே இருக்கு. பிளகின் விழுந்தாலும் பாட்டு விழாது. சி.பி.யு. கொஞ்சம் கூடுதலா செலவாகும், பரவாயில்ல. ஒரு பாட்டு மட்டும் விழுது, பிளகின் எதையும் குற்றம் சொல்ல முடியலன்னா, ப்ராஜெக்ட் ஃபைலே பழுதாகி இருக்கலாம். காலி ப்ராஜெக்ட் திறந்து, டிராக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமா இறக்குமதி பண்ணுங்க. எந்தக் கட்டத்துல விழுதுன்னு தெரிஞ்சிடும். பேக்கப் ஃபோல்டர்ல தானா சேவ் ஆன முந்தின பிரதியையும் மறக்காதீங்க.

நாளைக்குக் காலையில ரெக்கார்டிங் இருக்கறவங்களுக்கு: இதெல்லாம் இன்னைக்கு ராத்திரி வேணாம். பழைய வெர்ஷனுக்குப் போங்க. பல சாஃப்ட்வேர்கள் புதுசையும் பழசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக்க விடும், அதனால பெரிய வெர்ஷன் மாறும்போது பழசை நீக்காதீங்க. ரீப்பரை போர்ட்டபிளா ஒரு தனி ஃபோல்டர்ல போட்டா, பழைய செட்டிங்ஸைத் தொடாமலே புதுசைச் சோதிக்கலாம். மேக்கோஸைப் பின்னுக்குக் கொண்டு போறதுதான் கடினம், அதுக்கு டிஸ்கைத் துடைச்சுத் திரும்பப் போடணும். அதனால சாஃப்ட்வேர் அப்டேட்டையும் சிஸ்டம் அப்டேட்டையும் ஒரே வாரத்துல செய்யாதீங்க.

எல்லாம் பார்த்தும் தீரலன்னா கம்பெனிக்கு எழுதுங்க, ஆனா "அப்டேட்டுக்கு அப்புறம் கிராஷ் ஆகுது, உடனே சரி பண்ணுங்க"ன்னு எழுதினா உங்களுக்கு வர்ற முதல் பதில் ஒரு கேள்விப் பட்டியலாத்தான் இருக்கும், அதுல ரெண்டு நாள் போகும். சிஸ்டம் வெர்ஷன், சாஃப்ட்வேர் வெர்ஷன், முன்னாடி எந்த வெர்ஷன்ல ஒழுங்கா ஓடுச்சு, இன்டர்ஃபேஸ் எது, டிரைவர் எது, பஃபர் எவ்வளவு, எதை அமுக்கினா விழுது, இவ்வளவையும் முதல் மெயில்லயே எழுதி, கிராஷ் ஃபைலை இணைச்சு அனுப்புங்க. முடிஞ்சா அதே கோளாறு வர்ற மாதிரி ரெண்டே டிராக் இருக்கற ஒரு சின்ன ப்ராஜெக்ட் பண்ணி வைங்க. நாப்பது டிராக் பாட்டை அனுப்பினா உங்க பிளகின் எல்லாம் அவங்ககிட்ட இருக்காது, அவங்க மெஷின்ல அது திறக்கவே திறக்காது. அந்தச் சின்ன ப்ராஜெக்டைத் தயார் பண்ணும்போதே பாதிப் பேருக்குக் கோளாறு எதுன்னு தெரிஞ்சு, மெயில் அனுப்பற வேலையே இல்லாம போயிடும்.